செய்டானும் ஹிஸ்டமின் சகிப்பின்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோதுமைப் புரதத்தில் செய்த இறைச்சி மாற்றைச் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சூடேறிச் சிவக்கிறது, தலை வலிக்கிறது, அரிக்கிறது, வயிறு கலங்குகிறது என்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. இதே தொல்லையோடு பல வருடம் சமைத்துச் சாப்பிடுகிறவன். படித்துத் தெரிந்துகொண்டதையும் அடுப்படியில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செய்டான் என்பது என்ன?

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினால் மாவுச்சத்து பால் போலக் கரைந்து போய்விடும். கையில் மிஞ்சும் இழுவையான, ரப்பர் போன்ற பொருள்தான் குளூட்டன். அதைச் சுவையூட்டி வேகவைத்தால் செய்டான். இத்தாலியில் பெக்காரி என்ற விஞ்ஞானி 1728இல் மாவைக் கழுவிக் குளூட்டனைப் பிரித்துக் காட்டினார். சீனர்களுக்கு இந்த வித்தை அதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரியும். பெயர் மட்டும் புதியது: 1961இல் ஜார்ஜ் ஓசாவா என்ற ஜப்பானியர் வைத்தது. தமிழில் எழுத்து கொஞ்சம் பிசகினால் 'சைத்தான்' ஆகிவிடும். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தப் பெயரே பொருத்தம் என்று தோன்றலாம், ஆனால் பழி முழுக்க அதன்மேல் விழ வேண்டியதில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஹிஸ்டமின் சகிப்பின்மை ஒரு வகை அலர்ஜியா?

இல்லை. அலர்ஜியில் ஒரு குறிப்பிட்ட உணவின் புரதத்தை உடலின் எதிர்ப்பு அமைப்பு எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அதற்கு மிகச் சிறிய அளவே போதும். சகிப்பின்மையில் நடப்பது வேறு. சாப்பாட்டில் வரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைச் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைக்க வேண்டும். சுருக்கமாக டிஏஓ என்பார்கள். இந்த நொதி குறைவாக இருந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ, சிதையாத ஹிஸ்டமின் இரத்தத்துக்குள் போய்விடும். அதனால் இங்கே அளவுதான் கணக்கு. ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஒரு தட்டு சாப்பிட்டால் படுத்துவிடுவோம்.

அறிகுறிகள் இரண்டிலும் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம், அலர்ஜியிலும் உடல் கொட்டுவது இதே ஹிஸ்டமினைத்தான்.

சரி, செய்டானில் ஹிஸ்டமின் இருக்கிறதா?

வெறும் குளூட்டனில் பேசும்படியாக இல்லை. ஹிஸ்டமின் தானாக முளைப்பதில்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் உடைக்கும்போது உருவாகிறது. எனவே அது நிறைய இருக்கும் இடங்கள் இரண்டு: வேண்டுமென்றே நொதிக்கவைத்த உணவு, வைத்திருந்து கெட்டுப்போகத் தொடங்கிய உணவு. காய்ந்த தானிய மாவிலோ அதிலிருந்து பிரித்த குளூட்டன் பொடியிலோ பாக்டீரியாவுக்கு வேலை இல்லை, ஏனென்றால் ஈரம் இல்லை.

ஆனால் செய்டானை யாரும் வெறுமனே சாப்பிடுவதில்லை. சோயா சாஸ் கலந்த சாற்றில் ஒரு மணி நேரம் வேகும், அதே சாற்றில் ஊறியபடி பொட்டலத்தில் அடைபடும். சோயா சாஸ் மாதக்கணக்கில் நொதித்து வருவது. அதில் ஹிஸ்டமின் எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாததும் உண்டு, லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் இருப்பதும் உண்டு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மேசைக்கரண்டியில் 3 மில்லிகிராம் வரும். ஆரோக்கியமானவருக்கு இது தூசு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் தந்த மதிப்பீட்டின்படி, ஆரோக்கியமானவர்கள் ஒரு வேளையில் 50 மில்லிகிராம் வரை தாங்குகிறார்கள். அதே மதிப்பீடு, சகிப்பின்மை உள்ளவர்களுக்குக் கண்டறிய முடியாத அளவு மட்டுமே பாதுகாப்பானது என்கிறது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நம்முடைய பாடு எல்லாம்.

சோயா சாஸோடு ஈஸ்ட் சாறு, மிசோ (நொதித்த சோயா விழுது), தக்காளி விழுது, வினிகர் என்று சேர்ந்துகொண்டே போனால் கூட்டுத்தொகை ஏறும். நொதித்த பொருட்களில் ஹிஸ்டமின் தனியாகவும் வருவதில்லை. புட்ரெசின், கடாவெரின் போன்ற அதன் உறவுக்காரர்களும் கூடவே வருகின்றன. அவற்றையும் இதே டிஏஓதான் கவனிக்க வேண்டும். இருக்கும் கொஞ்சம் நொதிக்குப் போட்டி கூடிவிடுகிறது.

குளூட்டனில் ஹிஸ்டிடின் இருக்கிறதே, அது உள்ளே போய் ஹிஸ்டமினாக மாறாதா?

இந்தப் பயம் தேவையில்லை. எல்லாப் புரதத்திலும் ஹிஸ்டிடின் உண்டு, நமக்கு அது அவசியமும்கூட. கோதுமைப் புரதத்தில் அது குறைவு. குளூட்டனின் பெரும்பகுதி குளுட்டமின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள்தான். மீனோடு ஒப்பிட்டால் இது புரியும். சூரை மாதிரியான மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் கட்டவிழ்ந்த நிலையில் தாராளமாகக் கிடக்கிறது. வெயிலில் சில மணி நேரம் இருந்தாலே பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக்கிவிடும். குளூட்டனில் அது புரதச் சங்கிலிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

நன்றாகக் கொதிக்கவைத்தால் ஹிஸ்டமின் போய்விடாதா?

போகாது. கொதித்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் அப்படியே இருக்கும். சூட்டில் சாவது பாக்டீரியா மட்டும்தான், அது செய்து வைத்துவிட்டுப் போனது சாவதில்லை.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சோயா சாஸ், தமாரி (அதுவும் ஒரு வகைச் சோயா சாஸ்தான்), மிசோ, ஈஸ்ட் சாறு, வைன் வினிகர், தக்காளி, இவற்றில் ஒன்று இருந்தாலே சோதனைக் காலத்தில் (அதைக் கீழே சொல்கிறேன்) வேண்டாம். 'நீராற்பகுத்த தாவரப் புரதம்' என்று இருந்தால் அதில் குளுட்டமேட் அதிகம். அது ஹிஸ்டமின் இல்லை என்றாலும், அதற்கும் தனியாகத் தலைவலி வருகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 'இயற்கைச் சுவையூட்டி' என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம், நான் அதை நம்புவதில்லை. மரினேட் செய்தது, புகையூட்டியது என்று எழுதியவற்றை விட்டுவிட்டு, குளூட்டன், தண்ணீர், உப்பு, எண்ணெய் என்று பட்டியல் குட்டையாக இருப்பதைத் தேடுங்கள். கிடைப்பது அரிது. பேசாமல் குளூட்டன் பொடியை வாங்கிவிடுவது சுலபம்.

சீன முறையில் ஒரு வகை உண்டு: குளூட்டனை ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்து, ஆவியில் வேகவைத்து, பஞ்சு போல ஆக்குவார்கள். சில மணி நேரம் பொங்கியது என்பதற்காக அது சோயா சாஸ் அளவுக்கு ஆகாது. இருந்தாலும் முதல் சோதனைக்கு அது வேண்டாம்.

சோயா சாஸ் இல்லாவிட்டால் ருசி எங்கிருந்து வரும்?

நியாயமான கேள்வி. செய்டானுக்கு என்று சொந்த ருசி கிடையாது, ஈர அட்டையைத் தின்பது போல இருக்கும். தேங்காய் அமினோஸ் பாதுகாப்பான மாற்று என்று பலரும் சொல்கிறார்கள். தென்னையின் பதநீரை நொதிக்கவைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், அதனால் அவசரப்பட வேண்டாம்.

எனக்குக் கைகொடுப்பது வெங்காயம். மெல்லியதாக நறுக்கி, சிறு தீயில் அரை மணி நேரம், அடர் பழுப்பு ஆகும்வரை வதக்கி அரைத்து மாவிலேயே சேர்த்துவிட வேண்டும். சோயா சாஸ் தரும் இனிப்பும் அடர்த்தியும் பாதிக்கு மேல் வந்துவிடும். கூடவே உப்பு, சீரகம், மல்லி, தைம், ரோஸ்மேரி. நிறத்துக்கு ஒரு துண்டு பீட்ரூட். வெந்த பிறகு துண்டுகளை எண்ணெயில் இரண்டு பக்கமும் நன்றாகச் சிவக்கவிடுங்கள். இறைச்சி ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு அந்தச் சிவந்த மேற்பரப்புதான்.

ஊட்டச்சத்து ஈஸ்ட் செதில்கள் ஒரு குழப்பமான பொருள். ஈஸ்ட் சாறும் அதுவும் ஒன்றல்ல, சிலருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு இல்லை. முதலில் இல்லாமல் செய்து பாருங்கள், பிறகு தனியாகச் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் செய்ய ஒரு எளிய முறை சொல்லுங்கள்.

குளூட்டன் பொடி 200 கிராம், கடலை மாவு 30 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, பொடித்த சீரகமும் மல்லியும் ஒவ்வொரு தேக்கரண்டி. இதைக் கலந்துகொண்டு, அரைத்த வெங்காய விழுது இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் சுமார் 200 மில்லி ஊற்றிப் பிசையுங்கள். தண்ணீர் பட்டவுடன் கட்டிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் பிசையாதீர்கள், பிசையப் பிசைய ரப்பர்தான் வரும். கடலை மாவு சேர்ப்பதே அந்த இழுவையைக் கொஞ்சம் உடைக்கத்தான். பருப்பு வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்குப் பதில் அரிசி மாவு போடலாம்.

கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டு, உருளையாக உருட்டி, பேக்கிங் தாளில் சுற்றி, 45 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். சாற்றில் போட்டு வேகவைப்பதானால் தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் உள்ளே காற்றறைகள் விழுந்து பஞ்சாகிவிடும். ஆறிய பிறகு வெட்டினால் துண்டு ஒழுங்காக வரும். அதற்காக மேசையிலேயே மணிக்கணக்கில் ஆறவிட்டு மறந்துவிடக் கூடாது.

பொடி கிடைக்கவில்லை. மாவைக் கழுவியே எடுக்கலாமா?

தாராளமாக. புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு ஒரு கிலோவுக்கு ஈரக் குளூட்டன் சுமார் 300 கிராம் தேறும். ஒரே ஒரு எச்சரிக்கை. பிசைந்த மாவை இரவு முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. சாதாரண அறைச் சூட்டில் அது புளிக்கத் தொடங்கிவிடும். நமக்கு ஒரு மணி நேரம் போதும். குளிர்ந்த தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வேகவைத்துவிட வேண்டும்.

மிச்சத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஃபிரிட்ஜில் ஒரு நாள் என்பது என் கணக்கு. மற்றவர்கள் நான்கைந்து நாள் வைத்துச் சாப்பிடுவார்கள், அது அவர்களுக்குச் சரி. குளூட்டன் மீனைப் போல வேகமாக ஹிஸ்டமின் சேர்க்காது என்றாலும், ஈரமும் புரதமும் சேர்ந்த எதுவும் நாள்பட்டால் பாக்டீரியாவுக்கு விருந்துதான். வெந்து ஆறியதும் ஒரு வேளைக்கு வேண்டியதாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். ஃப்ரீசர் இருக்கும் ஹிஸ்டமினை எடுக்காது, புதிதாகச் சேராமல் நிறுத்திவைக்கும். வெளியே எடுத்தால் மெதுவாக உருகவிடாமல் நேராக வாணலியில் போடுங்கள்.

பிரச்சினை ஹிஸ்டமினா, கோதுமையேவா? எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். செய்டான் என்பது குளூட்டனையே திரட்டி எடுத்த உணவு. குளூட்டன் பொடியில் முக்கால் பங்கு புரதம். கோதுமையோடு யாருக்காவது பகை இருந்தால் ரொட்டியில் ஒளிந்திருக்கும், செய்டானில் வெளியே வந்துவிடும்.

முதலாவது, சீலியாக் நோய். உலகில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்கு இருப்பதே தெரியாது. குளூட்டன் பட்டுச் சிறுகுடலின் விரல் போன்ற நீட்சிகள் மழுங்கிப்போகின்றன. டிஏஓ நொதி உருவாவதும் அந்த நீட்சிகளில்தான். அதனால் சீலியாக் உள்ளவருக்கு ஹிஸ்டமின் தொல்லையும் கூடவே வரலாம். அவர் சோயா சாஸை மட்டும் விலக்கிவிட்டுச் செய்டானைத் தொடர்ந்து சாப்பிட்டால் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகிற கதை. இதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரமாவது தினமும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகிறவர்கள்தான் அதிகம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் பரிசோதனை, பிறகு நிறுத்துவது.

இரண்டாவது, கோதுமை அலர்ஜி. இதில் ஒரு விசித்திரமான வகை இருக்கிறது. கோதுமை சாப்பிட்டால் ஒன்றுமில்லை, ஓடினாலும் ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டுச் சில மணி நேரத்துக்குள் ஓடினால் உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம். ஒமேகா-5 கிளியாடின் என்ற குளூட்டன் புரதம்தான் பெரும்பாலும் காரணம். ஓட்டத்துக்குப் பதில் மதுவோ ஆஸ்பிரின் வகை வலி மாத்திரையோ அந்த வேலையைச் செய்வதும் உண்டு. 'சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை' என்பதால் இதை ஹிஸ்டமின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு அதிகம். உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, மூச்சு இழுப்பது, கண் இருட்டுவது இவற்றில் ஒன்று வந்திருந்தாலும் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் அவசர சிகிச்சை, பிறகு அலர்ஜி மருத்துவர்.

ரொட்டி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, செய்டானுக்கு உப்பவில்லை. இது எப்படி?

கோதுமையில் ஃப்ரக்டான் என்ற நார் போன்ற சர்க்கரை இருக்கிறது. பலருக்கு வாயு உண்டாக்குவது அதுதான். அது தண்ணீரில் கரையும், மாவைக் கழுவும்போது பெரும்பாலும் போய்விடும். உங்கள் தொல்லை ஃப்ரக்டானாக இருந்தால் செய்டானால் ஒன்றும் ஆகாது, அதில் வெங்காயம் பூண்டு சேர்க்காதவரை.

செய்டான் எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சீலியாக், கோதுமை அலர்ஜி இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகு, 2 முதல் 4 வாரம் ஹிஸ்டமின் குறைந்த உணவு மட்டும். அறிகுறிகள் அடங்க வேண்டும். அடங்கவே இல்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, மேலே போய்ப் பயனில்லை.

அடங்கினால், அன்று செய்த, சோயா சாஸ் இல்லாத செய்டான் 30 கிராம், பகல் வேளையில். இரண்டு நாள் இடைவெளி விட்டு 60, பிறகு 100. எதுவும் வராவிட்டால் அடுத்த கட்டம்: அதே செய்டான், அதே அளவு, ஒரு தேக்கரண்டி சோயா சாஸோடு. அதன் பிறகு, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் இருந்த செய்டான், சோயா சாஸ் இல்லாமல். மூன்று கட்டத்தில் எது கவிழ்க்கிறது என்பதைப் பார்த்தால் குற்றவாளி குளூட்டனா, சோயா சாஸா, பழசா என்பது தெரிந்துவிடும். சாப்பிட்ட நேரம், அறிகுறி வந்த நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். ஞாபகத்தை நம்பினால் அது நாம் ஏற்கெனவே சந்தேகப்பட்டதையே சொல்லும். அலர்ஜி மாத்திரை எடுக்கும் நாட்களில் இந்தச் சோதனை செய்தால் முடிவு தெரியாது. அதற்காக மருத்துவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

டிஏஓ அளவை இரத்தத்தில் பார்த்துவிடலாமே?

பார்க்கலாம், காசும் வாங்கிக்கொள்வார்கள். இரத்தத்தில் இருக்கும் அளவு குடலில் நடப்பதைச் சரியாகக் காட்டுவதில்லை. அதை மட்டும் வைத்து உண்டு, இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

போன வாரம் ஒத்துக்கொண்டது, இந்த வாரம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன்?

தொட்டியில் ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குவளை ஊற்றினால் வழியுமா என்பது. அதே நாளில் பழைய பாலாடைக்கட்டியோ டப்பா மீனோ வைனோ உள்ளே போயிருக்கலாம். மது டிஏஓவின் வேலையையும் தடுக்கிறது. சில மருந்துகளும் தடுக்கின்றன: வெரபமில், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாடிக், சிமெடிடின், மெடமிசோல் போன்றவை. புதிய மருந்து தொடங்கிய வாரத்தில் தொல்லை கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்து போன பிறகும் குடல் தேற நாளாகும். இன்னொரு பக்கம், கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி டிஏஓவை ஏராளமாகச் சுரக்கிறது. 'அந்த மாதங்களில் மட்டும் எல்லாம் ஒத்துக்கொண்டது' என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை.

டிஏஓ மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடலாமா?

இறைச்சியைத் தவிர்க்கத்தான் செய்டான் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த நொதி. பட்டாணி முளையிலிருந்து எடுப்பதும் விற்கிறது, கேட்டு வாங்க வேண்டும். சாப்பாட்டுக்குச் சுமார் கால் மணி நேரம் முன்னால் போடுவது வழக்கம். குடலுக்குள் இருக்கும் உணவின் ஹிஸ்டமினை மட்டும்தான் அது கவனிக்கும். அலர்ஜிக்கோ சீலியாக்குக்கோ அது மருந்து ஆகாது.

டோஃபு, டெம்பே எல்லாம் எப்படி?

டெம்பே என்பது சோயாவைப் பூஞ்சை வைத்து நொதிக்கவைத்தது, சோதனைக் காலத்தில் வேண்டாம். சாதாரண டோஃபு, அதாவது சோயாப் பாலைத் திரித்துச் செய்த கட்டி, நொதித்ததல்ல. சோயா உடலில் ஹிஸ்டமினைக் கிளப்பிவிடும் என்று சில பட்டியல்கள் அதை விலக்குகின்றன, ஆனால் 'கிளப்பிவிடும் உணவு' என்ற கருத்துக்கே ஆதாரம் மெலிது. தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள். பட்டாணிப் புரதத்தில் செய்த தயார் பர்கர்களில் புரதத்தைவிட அதற்குள் போட்ட ஈஸ்ட் சாறுதான் கவனிக்க வேண்டியது.

ஒத்துக்கொண்டால் தினமும் சாப்பிடலாமா?

செய்டானை மட்டுமே நம்ப வேண்டாம். அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய, அதே நாளில் எப்போதாவது சேர்த்துக்கொண்டால் போதும்.

வெளியே சாப்பிடும்போது?

'ஹிஸ்டமின்' என்று சொன்னால் பரிமாறுபவருக்குப் புரியாது. இரண்டே கேள்வி கேளுங்கள்: இது சோயா சாஸில் ஊறியதா? இன்றைக்கு வேகவைத்ததா? பதில் 'நேற்று இரவே ஊறவைத்துவிட்டோம், அதுதான் இவ்வளவு ருசி' என்று பெருமையாக வந்தால், வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள்.